நிறுத்தாத வண்டி, விடாத மூச்சு

புத்தூர்–திருப்பதி ரூட்டில் பதினோரு வருஷம் கண்டக்டராக ஓடியிருக்கிறேன். டிக்கெட் கொடுப்பதற்காக ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தச் சொன்னதில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், டிப்போவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பினால் வடமாலபேட்டை வருவதற்குள் எல்லார் கையிலும் டிக்கெட் இருக்க வேண்டும். அந்த ஊர் எங்களுக்கு ஒரு ஸ்டேஜ், அதாவது டிக்கெட் கட்டணம் மாறுகிற இடம். ஸ்டேஜ் தாண்டியும் டிக்கெட் இல்லாமல் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால், செக்கிங்காரர்கள் அவரோடு சேர்த்துக் கண்டக்டர்மேலும் கேஸ் எழுதிவிடுவார்கள். அதனால் கூட்டம் தாங்காத நாளில் மற்ற கண்டக்டர்கள் "ஓல்டான், ஓல்டான்" என்று குரல் கொடுத்து வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு டிக்கெட் அடித்துவிட்டு "ரைட்" சொல்வார்கள். சட்டப்படி அதுதான் சரி. நான் மட்டும் செய்ய மாட்டேன். எனக்கு அவ்வளவு திமிர்.

அந்தத் திமிர் கபடியில் வந்தது. ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற தமிழ்க் குடும்பத்துப் பெண் நான். ஸ்கூல் படிக்கும்போதே ஜில்லா டீமில் ரெய்டு போனவள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு மூச்சு இழுப்பேன். அந்த ஒரு மூச்சில் பாடிக்கொண்டே போய், தொட வேண்டியவளைத் தொட்டு, காலைப் பிடித்தவளையும் இழுத்துக்கொண்டு கோட்டில் வந்து விழுவேன். நடுவில் பாட்டு அறுந்ததே இல்லை. "அந்தப் பொண்ணுக்கு தம்மு ஜாஸ்தி" என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது.

கபடி கல்யாணத்தோடு நின்றது. தம் கட்டுவது நிற்கவில்லை. கண்டக்டர் வேலை கிடைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிக்கெட் மெஷினைக் கையில் பிடித்த முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்தது. பஸ்ஸின் நடுவழி என்பது எதிராளியின் களம்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று ஒரு இழுப்பு இழுப்பேன். "எங்க, எக்கட, சில்லற குடு, ஜருகு ஜருகு, தள்ளிப் போ" என்று தமிழும் தெலுங்குமாய் ஒரே மூச்சில் பாதி பஸ் போய்விடுவேன். இன்னொரு இழுப்பில் பின் படிக்கட்டு வரை. வியர்வை, மல்லிப்பூ, கருவாட்டுக் கூடை எதுவும் மூக்கில் ஏறாது, ஏனென்றால் மூச்சு விட்டால்தானே. பின் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் எல்லார் கையிலும் சீட்டு ஆடும். அப்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதைச் சம்பளத்தில் சேர்க்க முடியாது.

பெண்களுக்கு பஸ் இலவசம் என்று வந்ததும் கூட்டம் இரண்டு பங்கு ஆனது. நல்லதுதான். இத்தனை காலம் வீட்டை விட்டு நகராத பெண்களெல்லாம் திருச்சானூருக்கும் திருப்பதிக்கும் கிளம்பி வந்தார்கள். ஆனால் இலவசம் என்றாலும் சீட்டு கிழித்துத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொருத்தியிடமும் ஆதார் கேட்க வேண்டும். அவள் அதைச் சுருக்குப் பையிலிருந்தோ ஜாக்கெட்டிலிருந்தோ எடுத்துக் காட்டும் வரை நிற்க வேண்டும். இரண்டு மூச்சில் முடிந்த வேலைக்கு எட்டு, பத்து மூச்சு இழுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றும் தண்ணீர்த் தொட்டியில் முங்கப் போகிறவள் இழுக்கிற மாதிரி.

உடம்பு சொல்லிப் பார்த்தது. மத்தியானத்தில் தலைவலி. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், தூக்கம் வராது. வீட்டில் எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுந்தேன். டென்த் படிக்கிற என் மகள் ஒரு நாள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாடி பாக்கற? துன்னு."

"நீ மூச்ச இழுத்தாலே பயமா கீதும்மா. அடுத்தது திட்டுதான் வரும்."

அதற்கும் ஒரு மூச்சு இழுத்துத் திட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. திருச்சானூர்த் தாயாரைப் பார்க்கப் போகிற கூட்டம், கல்யாணக் கூட்டம், காலேஜ் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே வண்டியில். புத்தூர் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி இன்னும் ஊரைக்கூடத் தாண்டவில்லை. மூன்றாவது இழுப்பு இழுத்தேன். உதடு மரத்துப்போனது. விரல் நுனியில் எறும்பு ஊறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் இரண்டு கை விரல்களும் தானாகக் குவிந்து, மணிக்கட்டோடு உள்ளே மடங்கிக்கொண்டன. மெஷின் கீழே விழுந்தது. விரலைப் பிரிக்கப் பார்க்கிறேன், பிரியவில்லை. செத்துப்போகப் போகிறோம் என்றே நினைத்தேன். "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

வேறு ஊராக இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். இது புத்தூர். கை கோணிக்கொண்டால் இங்கே ஒரே வைத்தியம்தான். "எலும்பு பிசகிடுச்சி, கட்டுக்குக் கூட்டிக்கினு போ" என்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். எங்கள் டிரைவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். அவர் ஜனங்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு, என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு எலும்புக் கட்டு கட்டுகிற இடத்துக்குப் போனார். போன் போட்டு என் வீட்டுக்காரரையும் வரச் சொல்லிவிட்டார். அவர் தறியை நிறுத்திவிட்டு, பனியனில் பஞ்சோடு ஓடி வந்தார்.

அங்கே காலொடிந்தவர்களும் தோள் இறங்கியவர்களும் வரிசையில் உட்கார்ந்திருக்க, யூனிபாரத்தில் நான் மட்டும் முழுசாகப் போய் நின்றேன். கட்டுக்காரர் என் மணிக்கட்டை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் கையை விட்டுவிட்டு என் கழுத்தையும் நெஞ்சையும் பார்த்தார்.

"எலும்பு கல்லு மாதிரி கீதும்மா. நீ இன்னாத்துக்கு இப்பிடி மூச்சு வாங்கிக்கினு கீற? இதுக்குக் கட்டு இல்ல. திருப்பதிக்குப் போ."

அங்கே உட்கார்ந்திருந்த பத்து நிமிஷத்தில் விரல் தானாகவே விரிய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் அதையும் கட்டுக்காரரின் கைராசி என்று சொன்னார். ஆனாலும் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா, என் மகளுக்கு அக்கா மாதிரி இருப்பார், என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார், அவர் நாடியைப் பார்க்கவில்லையாம், என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

"சும்மா உக்காந்திருக்கும்போதே மாடி ஏறி வந்த மாதிரி இழுக்கறீங்க, மேடம். உள்ள போறது எல்லாம் சரி. முழுசா வெளிய விட்டு எத்தன நாள் ஆச்சு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூச்சைப் பற்றி எனக்கே பாடமா?

"நான் கபடி பிளேயர், டாக்டர். என் தம்மு என்னன்னு ஊருக்கே தெரியும்."

"அதான் பிரச்சன," என்றார் அவர், சிரிக்காமல். "ரெய்டு போனா அர நிமிஷம். நீங்க காலையில போனவங்க இன்னும் கோட்டுக்குத் திரும்பி வரவே இல்ல."

அப்புறம் பொறுமையாக விளக்கினார். காற்று போதாமல் என் விரல் மடங்கவில்லையாம். அளவுக்கு மீறி இழுத்துத் தள்ளியதால் ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு குறைந்துபோய், அதனால் மடங்கியதாம். எந்நேரமும் இப்படி இழுத்தால் உடம்பு எந்நேரமும் யாரோ துரத்துகிறார்கள் என்றே நினைத்துக்கொள்ளுமாம். தலைவலி, படபடப்பு, தூக்கம் இல்லாதது, கோபம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றார். மருந்து எழுதவில்லை. மூக்கால் மூன்று எண்ணிக்கை இழு, வயிறு உப்பட்டும், நெஞ்சு தூக்க வேண்டாம். சூடான டீயை ஊதுகிற மாதிரி ஆறு எண்ணிக்கை விடு. ஒரு நாளைக்குப் பல தடவை. இதுதான் வைத்தியம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று ஆகிவிட்டது எனக்கு.

டிப்போவில் அதைவிடப் பெரிய இடி காத்திருந்தது. ஓடுகிற வண்டியில் உடம்பு முடியாமல் போன கண்டக்டரை அப்படியே திரும்ப அனுப்ப மாட்டார்களாம். மூன்று வாரம் ஆபீசில் உட்கார வேண்டும். பிறகு டாக்டர் கையெழுத்து. அதற்கும் பிறகு ஒரு இன்ஸ்பெக்டர் என் வண்டியில் உட்கார்ந்து ஒரு டிரிப் பார்ப்பார். அவர் சரி என்று எழுதினால் ரூட். இல்லையென்றால் பார்சல் செக்‌ஷனில் ஒரு நாற்காலி, ரிட்டயர்மென்ட் வரை. "சம்பளம் அதேதான்மா, நிம்மதியா உக்காரலாமே" என்றார் மேனேஜர். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் முதல் யூனிபாரம் நான் போட்டது. நான் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் என் மாமியார் வாசலில் நின்று பார்ப்பார். அந்தப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்கு நான் தயாராக இல்லை.

ஆகவே ஊதினேன். ஆபீசில் உட்கார்ந்து ஊதினேன், அடுப்படியில் ஊதினேன். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து எண்ணுவார். தறிக்காரர் இல்லையா, எண்ணுவதில் பிசகவே மாட்டார்.

"நாலுலயே நிறுத்திட்டியே. இன்னும் ரெண்டு கீது."

"காத்து இல்லைய்யா உள்ள."

"கீது கீது. வுடு."

உண்மையிலேயே இருந்தது. அதுதான் ஆச்சரியம். முடிந்துவிட்டது என்று நான் நினைத்த பிறகும் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை விட்டால்தான் தோள்பட்டை கீழே இறங்கியது. என் தோள் இத்தனை நாள் காதுக்குப் பக்கத்தில் இருந்ததையே அப்போதுதான் கவனித்தேன்.

கவனிக்க ஆரம்பித்தால் எல்லா இடத்திலும் மாட்டிக்கொண்டேன். கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும்போது மூச்சைப் பிடிக்கிறேன். ஊசியில் நூல் கோக்கும்போது பிடிக்கிறேன். மகளின் மார்க் ஷீட்டைத் திறக்கும்போது, ரோட்டைக் கடக்கும்போது, மேனேஜர் ரூம் கதவைத் தள்ளும்போது, போனில் தெரியாத நம்பர் வரும்போது. செல்போனில் ஓடிபி வரும் வரைகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஓடிபிக்கும் என் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கே சிரிப்பு வந்தது.

இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினேன். தலைவலி மாத்திரை டப்பா அப்படியே இருந்தது. மகள் பால் பாத்திரத்தைக் கவிழ்த்தபோது நான் மூச்சை இழுத்தேன், அவள் வழக்கம்போல ஒதுங்கினாள், நான் ஆறு எண்ணி விட்டேன். விட்டு முடிப்பதற்குள் திட்டுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. "தொடச்சிடு" என்றேன். அவள் துணியை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். டிரிப் வந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை.

இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார், மடியில் பேப்பர், கையில் வாட்ச். வண்டி நிரம்பிப் படிக்கட்டு வரை ஆள். பஸ் ஸ்டாண்டிலேயே முடிந்த வரை டிக்கெட் அடித்தேன். கிளம்பியது. நான் ஒவ்வொருத்தராகப் போனேன். இழுப்பது மூக்கால், பேசுவது மெதுவாக. ஆதார் தேடுகிற பெண் தேடட்டும், அந்த நேரம் என் ஆறு எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தது. விரலில் எறும்பு ஊறவில்லை. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வடமாலபேட்டைக்கு முன்னால் இருக்கிற டோல்கேட் கண்ணில் பட்டபோது எண்ணிப் பார்த்தேன். பின்பக்கம் பதினேழு பேர் பாக்கி.

என்னால் முடியும். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கும் முடிந்திருக்கும். ஒரு பெரிய இழுப்பு, அப்படியே பாய்ந்து போனால் பதினேழு பேரையும் முடித்துவிட்டு ஸ்டேஜில் நிமிர்ந்து நிற்கலாம். இன்ஸ்பெக்டர் எதிரில், நிறுத்தாத கண்டக்டர் என்ற பெயரோடு. நெஞ்சு தானாகத் தூக்கிக்கொண்டது, தோள் ஏறியது, வாய் திறந்துவிட்டது. நிறுத்தினால் இன்ஸ்பெக்டர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. வேகம் குறைந்துவிட்டது, முடியவில்லை, பார்சல் செக்‌ஷனுக்கு அனுப்பலாம் என்றுகூட எழுதலாம். நிறுத்தாமல் பாய்ந்து விரல் மடங்கினால், அவர் எழுதவே வேண்டாம், என் ரூட் அங்கேயே முடிந்தது.

"ஓல்டான்" என்றேன்.

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் நம்பவில்லை. யாரோ பயணி விளையாடுகிறார் என்று நினைத்தாராம், பிறகு சொன்னார்.

"ஓல்டான் தம்பி. நான்தான் சொல்றேன். ஓரம் கட்டு."

கண்ணாடியில் அவர் கண் பெரிதானதை நான் பார்த்தேன். வண்டி புளியமரத்து ஓரம் நின்றது. முணுமுணுப்பு கிளம்பியது. "தரிசனத்துக்கு லேட்டாவுது", "ஏமம்மா இதி", "காலேஜ் பெல் அடிச்சிடும்". இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்து எதையோ எழுதினார். நான் இழுத்து வைத்த மூச்சை முழுசாக விட்டேன். பிறகு பின்பக்கம் நடந்தேன்.

ஒருத்தர், இரண்டு பேர் என்று போய், கடைசி சீட்டுக்கு வந்தேன். மூலையில் நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், மடியில் டிபன் தூக்கு. ஆதாரைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன், சீட்டை அடித்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் ஒரு பழைய தழும்பு, சிரித்த மாதிரியே இருக்கிற வாய். பேச வேண்டும் போல இருந்தது.

"ரூட்டுக்குப் புதுசாம்மா? பாத்ததே இல்லையே."

அவள் சீட்டை வாங்கிச் சேலை நுனியில் முடிந்துகொண்டே சொன்னாள்:

"திருப்பதில ஆஸ்டல்ல சமைக்கறேன்க்கா. ஆறு வருஷமா உன் வண்டிதான். தெனம் இதே சீட்டு."

அவள் குத்திக்காட்டவில்லை, இருப்பதைச் சொன்னாள். ஆறு வருஷம், அவள் கையில் நானே சீட்டு வைத்திருக்கிறேன். கையைத்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சீட்டைக் கொடுத்த கையோடு நான் எப்போதும் முன்பக்கம் திரும்பிவிடுவேன், அவள் என் முதுகுக்குப் பின்னால்.

"ரைட்" சொன்னேன். வண்டி கிளம்பியது. ஸ்டேஜில் எல்லார் கையிலும் டிக்கெட் இருந்தது. திருச்சானூரில் பாதி கூட்டம் இறங்கியது, திருப்பதியில் மீதி. இன்ஸ்பெக்டர் கடைசியாக எழுந்து, பேப்பரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வண்டி நின்றது நான்கு நிமிஷம். திருப்பதி சேர்ந்தது சரியான நேரத்துக்கு. அதற்குக் கீழே, ரூட் டியூட்டிக்குத் தகுதி.

"நீங்க நிறுத்தவே மாட்டீங்கன்னு டிப்போல சொன்னாங்க," என்றார்.

"நிறுத்துவேன் சார்," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமை, பதினோரு வருஷத்தில் நிறுத்தாமல் ஓடியபோதுகூட இருந்ததில்லை.

மறுநாள் காலையில் தூக்கோடு அவள் ஏறினாள். கடைசி சீட்டுக்கே போனாள். நான் அங்கே போய்ச் சேருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றைக்கு ஆஸ்டலில் என்ன சமையல் என்று கேட்டேன். சாம்பாரும் பீன்ஸ் பொரியலும் என்றாள்.